எடைக்கல்லின் கழுத்து

"பேசாதே. பேசினா கழுத்து ஆடுது."

"நான் பேசலையே."

"இதுக்குப் பேரு என்ன, பாட்டா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆய்வுக்கூடத்து அக்கா பேனாவை அவன் தாடைக்குக் கீழே வைத்து, மயிரிழை அளவு இடப்பக்கம் நகர்த்தி, லேசாக அழுத்தினாள். திரையில் அவன் நாடித் துடிப்பு சின்னக் குன்றுகளாக எழுந்து விழுந்தது. குன்றுகள் ஒரே உயரத்தில் வரவில்லை. அக்கா உச்சுக்கொட்டினாள்.

"குத்துக்கல்லு மாதிரி உட்காருன்னா எல்லாருக்கும் புரியுது. எடைக்கல்லுக்குத்தான் புரியலை."

எடைக்கல் என்பது அவன்தான். அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் அவனை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. பேனா என்பதும் எழுதுகிற பேனா அல்ல. நுனியில் மிளகு அளவுக்கு ஓர் உணரி இருக்கும், பின்னால் மெஷினுக்குப் போகும் ஒயர் இருக்கும். ஒரு பேனா கழுத்தில், இன்னொன்று மணிக்கட்டில். இதயம் ஒரு முறை அடித்தால் அந்த அலை இரண்டு இடத்துக்கும் எப்போது வந்து சேர்கிறது என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். இளகின ரத்தக்குழாயில் அலை ஆற அமர வரும். விறைத்துப்போன குழாயில் பாய்ந்து வரும். அவசரம் யாருக்கும் நல்லதில்லை என்று பெரியவர்கள் சொல்வது வேறு எதற்குப் பொருந்துகிறதோ இல்லையோ, ரத்தக்குழாய்க்குப் பொருந்தும்.

ஆய்வை நடத்தியவர் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில், மேல்மாடியில், அவருக்கு மூன்று அறைகள் ஒதுக்கியிருந்தார்கள். இருபதுகளில் இருக்கிற ஆண்களும் பெண்களும் அங்கே வருவார்கள். ஓர் அறையில் அக்கா அவர்களுடைய குழாய்களை அளப்பாள். அடுத்த அறையில் நகராத சைக்கிள் ஒன்று இருந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டும்வரை அதை மிதிக்க வேண்டும். மிதிக்க வைப்பது அவன் வேலை. "இன்னும் கொஞ்சம், விடாதீங்க. இன்னும் கொஞ்சம்தான்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பான். நன்றாக மிதிக்கிறவர்களின் குழாய்கள் இளகி இருக்கின்றனவா, படிக்கட்டு ஏறினாலே இளைப்பவர்களின் குழாய்கள் இந்த வயதிலேயே விறைக்கத் தொடங்கிவிட்டனவா என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

மெஷின் என்றால் கோளாறு வரும். அதனால் தினமும் காலையில், வெளியாள் யாரும் வருவதற்கு முன், மாறாத ஒருவரை அளந்து பார்த்து, அது சரியாகச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்வது அவர்கள் வழக்கம். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். சிகரெட் கிடையாது. காலையும் இரவும் ரொட்டியும் முட்டையும். தினமும் மாலையில் ஓட்டம். "தராசைச் சரிபார்க்க ஒரு எடைக்கல் வேணும். அது நீதான்" என்றார். "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மாறாம இருந்தாப் போதும்."

மாறாமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்.

"நேத்து ஓடினியா?" அக்கா கேட்டாள். அளப்பதற்கு முன் தினமும் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

"ஓடினேன்."

"சரி, இனிமே வாயைத் திறக்காதே."

அவனுக்குப் பேச அனுமதி இல்லை, கேட்க அனுமதி உண்டு. அந்தச் சில நிமிடங்களில் அக்கா தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே அளப்பாள். அவள் வீட்டுக்காரர் குறட்டை விடுவதை மகள் போனில் பதிவுசெய்து அவரிடமே போட்டுக் காட்ட, அவர் இது பக்கத்து வீட்டு மோட்டார் என்று சாதித்தது. மாமியார் புதுக் கண்ணாடி போட்டதும் வீடெல்லாம் தூசி இருப்பதைக் கண்டுபிடித்தது. சிரித்தால் கழுத்து ஆடும் என்பதால் அவன் சிரிப்பை அடிவயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்வான். அவளுடைய இடது கை அவன் தோளில் இருக்கும், சோப்பு வாசனையோடு. ஒரு நாளில் இன்னொரு மனிதரின் கை அவன்மேல் படுவது அந்த ஒரு தடவைதான். கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட மீதிச் சில்லறையை ஒரு தட்டில்தான் வைப்பார்கள்.

"மறுபடியும் ஏறியிருக்கு பாரு." அக்கா திரையை விரலால் தட்டினாள். "போன தடவை திருத்தினேன், அதுக்கு முந்தின தடவையும் திருத்தினேன். இந்த மெஷினுக்குத் தலைக்கனம். இன்னைக்கு மெஷின்காரரையே கூப்பிடறேன்."

திருத்துவது என்றால், மெஷின் கூட்டிச் சொல்வதாக நினைத்து, அவ்வளவைக் கழித்துச் சொல்லும்படி அதில் பதிந்துவிடுவது. திருத்திய மறுநாள் அவனுடைய எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். எண்ணைப் பார்த்து அக்காவுக்கு நிம்மதி. அவனுக்கும் நிம்மதிதான், ஆனால் அது வேறு நிம்மதி.

ஏனென்றால் அவன் ஓடவில்லை. நேற்றும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை.

முன்பெல்லாம் ஓடியவன்தான். தங்கியிருந்த அறையில் அவனோடு நெட்டை என்று ஒருவன் இருந்தான். இருவரும் வேலை முடிந்து வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தைச் சுற்றுவார்கள். நெட்டை ஓடுவதைவிடப் பேசியதுதான் அதிகம். முன்னால் ஓடிப் போய், திரும்பி, பின்பக்கமாக ஓடிக்கொண்டே கதை சொல்வான், எல்லாம் புளுகு. அந்தப் புளுகின் முடிவு தெரிய வேண்டுமே என்பதற்காகவே இவன் இன்னொரு சுற்று ஓடுவான். பிறகு நெட்டைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள். அவன் கட்டிலில் இப்போது துவைத்த துணிகள் காய்கின்றன.

நெட்டை போன பிறகும் சில நாள் ஓடிப் பார்த்தான். மைதானத்தில் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வளைவில், ஏதோ சொல்வதற்காகப் பக்கவாட்டில் திரும்பினான். சொல்ல வந்தது வாயிலேயே நின்றது. அன்றைக்குக் கழற்றின ஷூவை மறுநாள் மாட்டவில்லை. கால் வலி, மழை, சளி என்று எந்தக் காரணமும் இல்லை. பேச்சு நின்றது, ஓட்டமும் நின்றது.

மறுநாள் காலை அக்கா கேட்டபோது "ஓடினேன்" என்று வந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் வேறு ஒரு கழுத்தைத் தேடிக்கொள்வார்கள். தோளில் அந்தக் கை இருக்காது, மாமியாரின் கண்ணாடி இருக்காது. அந்த ஒரு பொய்க்கு மறுநாள் ஒரு பொய் துணைக்கு வந்தது. எண் ஏறும்போதெல்லாம் பயந்தான். திருத்தியதும் எண் இறங்க, ஓடாவிட்டாலும் நமக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் அவன் கழுத்தை நம்பி மெஷினைத் திருத்தினாள். அவன் மெஷினை நம்பித் தன்னைத் திருத்திக்கொள்ளாமல் இருந்தான்.

மெஷின்காரர் மதியத்துக்கு மேல் வந்தார். பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாயும் சின்ன பம்பும் எடுத்தார். தண்ணீர் நிரம்பிய அந்தக் குழாயின் விறைப்பு எவ்வளவு என்பது அவருக்கு முன்பே தெரியும். அதன்மேல் பேனாக்களை வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"யாரோ கழிக்கச் சொல்லிப் பதிஞ்சிருக்கீங்களே?"

"நான்தான். மெஷின் கூடச் சொல்லுது."

"அந்தத் திருத்தத்தை எடுத்துட்டா சரியா இருக்கும்மா. வாங்கின அன்னைக்கு எப்படியோ அப்படியே இருக்கு. இதைத் திட்டாதீங்க, பாவம்."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். அக்கா சிரிக்கவில்லை. அவர் போனதும் தன் வலது கையை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மெஷின் சரி, நீ மாறலை. அப்படின்னா என் கைதான்" என்றாள். "நான்தான் அழுத்தி வைக்கிறேன் போல. வயசாகுதில்ல."

அவன் முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்து விட்டான்.

அன்று மாலை அறைக்கு வந்து நெட்டைக்குப் போன் செய்தான்.

"டேய் கல்லு! அதிசயமா இருக்கு. இன்னும் ஓடறியா?"

"ஓடறேன்" என்றான். அவனிடமும் அதுவே வந்தது.

"நீ ஓடு ராசா. எனக்குத் தொப்பை போட்டாச்சு. குனிஞ்சா ஷூ லேஸ் தெரியலை, அதனால லேஸ் இல்லாத ஷூவா வாங்கிட்டேன். அறிவு எப்படி?" பின்னால் குழந்தை அழுதது. "இரு, இவன் எதையோ வாயில போட்டுட்டான். அப்புறம் கூப்பிடறேன்டா."

அப்புறம் என்றால் அப்புறம்தான். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்தான். உள்ளே தூசி படிந்திருந்தது. மைதானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கைக்குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி ஓரமாக நடந்தார்கள். அவன் ஓடத் தொடங்கினான். முதல் வளைவு வரை கால்களுக்குப் பழைய ஞாபகம் இருந்தது. இரண்டாவது வளைவில் தொண்டை காய்ந்தது. அதற்குப் பிறகு விலாவில் யாரோ குத்தூசி வைத்தது போல இருந்தது. "இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று வாய்விட்டுச் சொன்னான். தனக்குத்தானே மரியாதை கொடுத்துப் பேசுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை. தம்பதி அவனைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கைகளை முழங்காலில் ஊன்றி நின்றான். காதுக்குள் நாடி அடித்தது. விறைத்த குழாயில் அலை எப்படி ஓடும் என்று இத்தனை பேருக்கு விளக்கிச் சொன்னவன் அவன். இப்போது அது தன் கழுத்துக்குள்ளேயே, யாரோ துரத்துவது போல ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவன் போனபோது, அளக்கிற நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார். பெருக்குகிற அம்மா அடுத்ததாகக் காத்திருந்தாள். தன் கையைச் சோதிக்க, அக்கா ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப அளந்தாள். எண்ணை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி பேனாவை எடுத்தாள். அவள் வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை.

"கூசுதும்மா" என்றார் காவலாளி.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே."

அவர்கள் போன பிறகு அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். என் கை போயிடுச்சு, கீழே பதிவு மேசைக்கு மாத்திடுங்கன்னு. இப்ப வர்றாங்க. பேனா பிடிச்சு வளர்ந்த கை, இனிமே சீட்டுக் கிழிக்கட்டும்."

இருபது வயதில் இந்த வேலைக்கு வந்தவள். கண்ணை மூடிக்கொண்டு நாடியைக் கண்டுபிடிப்பாள் என்று மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து பார்த்துப் படிக்க ஆள் அனுப்புவார்கள். அவள் இப்போது பேனாவை அதன் பெட்டிக்குள், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள்.

சொல்லாவிட்டால் அவள் கீழே போய்விடுவாள். சொன்னால் அவன் இந்த நாற்காலியிலிருந்து போய்விடுவான். எப்படிப் பார்த்தாலும் காலையில் அந்தக் கை கிடையாது. இது தெரிந்ததும் ஏனோ சொல்வது கொஞ்சம் சுலபமாயிற்று.

"அக்கா, நான் ஓடலை."

"நேத்தா?"

"நேத்து ஓடினேன். அதுக்கு முன்னாடி ஓடலை."

"அதுக்கு முன்னாடின்னா?"

"நெட்டை போனதிலேர்ந்து."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். நெட்டையின் கல்யாணத்துக்கு அவன் லீவு கேட்டதும், ஒரு நாள்கூட எடைக்கல் இல்லாமல் முடியாது என்று இவள் முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அது போன வருஷத்துக்கும் முந்தின வருஷம்.

"தினமும் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ஒரு நாளாவது வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லலாமில்ல?"

"சொன்னா வேற கழுத்தைப் பிடிச்சிருப்பீங்க."

"ஆமா, பிடிச்சிருப்போம். அதுக்கென்ன இப்ப?"

மாமியாரின் கண்ணாடிக்காக என்று எப்படிச் சொல்வது.

"ஒரு தையல்காரப் பொண்ணு வந்தாளே, ஞாபகம் இருக்கா?" அக்காவின் குரல் தாழ்ந்திருந்தது. கோபப்பட்டிருந்தால் தேவலை. "சைக்கிள்ல உட்கார்ந்த கொஞ்ச நேரத்துலயே இளைச்சா. அண்ணன் சின்ன வயசுல நெஞ்சுவலியில போயிட்டான்னு பயந்துக்கிட்டு வந்தவ. நான் அளந்துட்டு, உன் குழாய் பூ மாதிரி இருக்கும்மா, போய் நிம்மதியா தூங்குன்னு அனுப்பினேன். எதை நம்பி? உன்னை நம்பி. அவ இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கா."

அவனுக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது. முகமூடியைக் கழற்றியதும் "நான் பாஸா?" என்று கேட்டவள்.

டாக்டரம்மா வந்தார். கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். அவர் சைக்கிள் அறையைக் காட்டினார்.

"ஏறு."

முகமூடியை அவனுக்கு மாட்டியது அக்கா. வார் காதில் சிக்கி இழுத்தது. அவள் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாளா என்று தெரியவில்லை. அவன் மிதித்தான். பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல யாரும் இல்லை. சொல்கிறவன்தான் சைக்கிளில் இருந்தான். முகமூடிக்குள் தன் மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மிதித்தான். எத்தனையோ பேர் இறங்கிவிடத் துடித்த அந்த இடம் சீக்கிரமே வந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"மூச்சு போயிடுச்சு, குழாயும் கூடவே போயிருக்கு. நாம தேடினது இதைத்தான், நம்ம வீட்டு நாற்காலியிலயே உட்கார்ந்திருந்திருக்கு" என்றார். "ஒரே ஒரு கல்லை நம்பினது என் தப்பு. மனுஷனை மாறாதேன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு." அக்காவிடம் திரும்பி, "உன் கைக்கு ஒண்ணும் இல்ல. சீட்டுக் கிழிக்கிற யோசனையை விட்டுட்டு, வந்தவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிடு. நாளையிலிருந்து காலையில மூணு பேரை மாத்தி மாத்தி அளக்கலாம்" என்றார்.

"நான்?" என்றான் அவன், முகமூடித் தடம் பதிந்த முகத்தோடு.

"நீ சைக்கிள் அறையில இரு. சாயந்திரம் ஓடு. இந்த வயசுல இறங்கின மூச்சை ஏத்திடலாம், விறைச்சதும் ஓரளவுக்கு இளகும். சில மாசம் கழிச்சு அளந்து பார்ப்போம். அதுவரைக்கும் அந்த நாற்காலிப் பக்கம் வராதே. தினமும் எண்ணைப் பார்த்தா மனசு அதுலயே நிக்கும்."

அன்று முழுவதும் அக்கா அவனிடம் பேசவில்லை. பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள், மிதித்தார்கள், வியர்த்தார்கள், போனார்கள். அவன் எல்லாருக்கும் "விடாதீங்க" என்று சொன்னான். சொல்லும்போது குரல் தன்னுடையது மாதிரி இல்லை. பக்கத்து அறையில் அக்கா யாருக்கோ போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. மெஷினில் ஒரு சின்னக் குழப்பம், வேறு ஒன்றுமில்லை, இன்னொரு தடவை வந்துவிட்டுப் போங்கள். ஒருவரிடமும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அதை அவன் கவனித்தான்.

மாலையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவள் அறைக்கு வந்தான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி, கடைசியாக ஓர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். தையல்காரப் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் மணி அடிப்பது அவனுக்கும் கேட்டது. அவள் அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, வேறு எதுவோகூட இருந்தது; அதைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா" என்றான். "வீட்டுக்குப் போற வழியில அந்தத் தண்ணித்தொட்டி பஸ் ஸ்டாப்புலதானே இறங்கி மாறுவீங்க?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஓட வேண்டாம். என்கூடப் பேசவும் வேண்டாம். அடுத்த பஸ் வர்ற வரைக்கும் மைதானத்து ஓரமா கொஞ்ச நேரம் நில்லுங்களேன். ஒரே ஒரு சுற்று. யாராவது நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா நான் ஓடிடுவேன். நிக்கறீங்களா அக்கா?"